துண்டு போர்த்திய பெட்டி

போன மே மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் இரண்டாமாண்டு படிக்கிறான். மகன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இந்த வலைப்பூவை நான் எழுதுவதும் அதில்தான். அவன் அதில் ‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டை ஏற்றினான்.

மூன்றாம் நாள் மதியம் மிக்ஸி ஓடுவதுபோல் ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், பெட்டி கொதிக்கிறது.

“விளையாடி விளையாடி எரிச்சுட்டியேடா! காசு கொடுத்து வாங்கின பொருள்னு நினைப்பு இருக்கா?” என்று கத்திவிட்டேன்.

“செட்டிங்ஸ அல்ட்ரால வெச்சேன் தாத்தா. அதுக்கெல்லாம் கார்டு கெட்டுப் போகாது” என்றான் மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை. அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை நானே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். எங்கள் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். 4கே திரையானால் இதைப்போல் நான்கு மடங்கு. நிழல், தண்ணீரில் தெரியும் பிம்பம், வெளிச்சம் போகும் வழியையே கணக்கிடும் ‘ரே டிரேசிங்’ என்று கூட்டக் கூட்ட வேலை ஏறும். எங்களுடையது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. முழு லோடில் சுமார் 170 வாட் இழுக்கும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். சூடு எல்லை மீறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

“அது தன்னைக் காப்பாத்திக்கத்தான் அணைஞ்சுது தாத்தா.”

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருஷம் துணை மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். முழு லோடு ஏற்றினால் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடாது, அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சூடு வெளியேற வழியில்லாவிட்டால்தான் கெடும். ரேடியேட்டர் பக்கத்தில் எதையும் அடுக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன செய்து வைத்திருந்தேன்? தூசி படக் கூடாதென்று பெட்டியை மேஜையின் மர அறைக்குள் தள்ளி, மேலே பழைய துண்டையும் போர்த்தியிருந்தேன். நான் தட்டச்சு செய்தவரை கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் தெரியவில்லை.

இருவருமாகப் பெட்டியை வெளியே இழுத்தோம். காற்று நுழையும் வலையில் கம்பளிபோல் தூசி. பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். அவன் நிழலைக் குறைத்து, ரே டிரேசிங்கை நிறுத்தி, நொடிக்கு 60 படத்துக்கு மேல் போகாமல் கட்டினான். சூடு 70 டிகிரி பக்கத்தில் நின்றது. அவன் ஊருக்குப் போகும்வரை ஒருமுறைகூட அணையவில்லை.

“தப்பு என் மேலதான்டா” என்றேன்.

“பரவால்ல, நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க தாத்தா” என்று சிரித்தான். கார் ஓட்டினேன். முதல் திருப்பத்திலேயே சுவரில் மோதினேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியும் சத்தம் போட்டால், பேரனைத் திட்டுவதற்கு முன் துண்டை எடுத்துப் பாருங்கள்.