பயனாளி என்றொரு கட்டம்

அனைவரையும் உள்ளடக்கும் வடிவமைப்புக்கென்று நடந்த அந்தப் போட்டியின் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: குழு, வழிகாட்டி, பயனாளி. இருபது வருடமாகப் பொருள்களை வடிவமைத்துப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு இரண்டாவது கட்டம். அபிராமபுரத்தில் நான்கு வீடுகளில் சமைக்கும் அக்காவுக்கு மூன்றாவது. அவருக்கு முடக்குவாதம், விரல்கள் முழுதாக மடங்காது. எனக்கு மதிப்பூதியம் உண்டு. அக்காவுக்கு மதியச் சாப்பாடும் ஒரு துணிப்பையும்.

குழுவில் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள் நான்கு பேர், ஒருத்தி மட்டும் பெண். கெட்டிக்காரப் பிள்ளைகள். கேஸ் அடுப்பின் திருகை மோட்டாரால் திருப்பும் ஒரு கருவியை முதல் வாரமே வரைந்துவிட்டார்கள். போனைத் தொட்டால் தீ கூடும், குறையும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாலு வீட்டு அடுப்புலயும் இத மாட்ட விடுவாங்களாப்பா?” என்றார்.

பிள்ளைகள் அளந்து வந்திருந்தது ஒரே ஒரு சமையலறையை, அதுவும் குழுவில் ஒருவனின் வீட்டில். அக்கா நின்று சமைக்கும் இடம் எதுவும் அவருடையதல்ல. ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். கை முடியவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு வீடுகளில் வலியையே மறைத்து வைத்திருக்கிறார். பொருளைப் பயன்படுத்தும் சூழல் பற்றி எங்கள் படிப்பில் நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டுக்கார அம்மாவின் கண்ணில் படாமல் பயன்படுத்துவதும் ஒரு சூழல் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அக்கா தன் பையைத் திறந்து காட்டினார். சைக்கிள் ட்யூபை வெட்டிய வளையங்கள், சிறிதும் பெரிதுமாக. அடுப்புத் திருகில் ஒன்றை மாட்டினால் விரல் வழுக்காது, ஊறுகாய் பாட்டில் மூடிக்கு இன்னொன்று. காம்பில் துணி சுற்றித் தைத்த கரண்டி. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு வீடு, நான்கு விதத் திருகு, ஒரே பை. எந்தக் கல்லூரியிலும் இதற்கு நல்ல மதிப்பெண் போடுவேன்.

லண்டனில் 2000 முதல் 2010 வரை, ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் ஹெலன் ஹாம்லின் மையம் இப்படியொரு போட்டியை நடத்தியது. அதை முன்னின்று நடத்தியவர் ஜூலியா காசிம். ஊனமுற்றவர்களைக் கடைசியில் பொருளைச் சோதித்துப் பார்க்க மட்டும் அழைக்காமல், தொடக்கத்திலேயே வடிவமைப்பாளர்களோடு உட்கார வைத்தார்கள். அனுபவசாலிகளும் அங்கே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருந்தார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

ஆனால் பெயர் என்று வரும்போது கதை மாறிவிடுகிறது. 1990இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் சமையல் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சீவியின் தடித்த ரப்பர் பிடியை உலகமே பாராட்டியது. மூட்டுவலியால் அவதிப்பட்ட மனைவியைப் பார்த்து மனமிரங்கிய கணவர் சாம் ஃபார்பரின் கண்டுபிடிப்பு என்றே வகுப்புகளில் சொல்வார்கள். மனைவி பெட்ஸி கட்டடக்கலை தெரிந்தவர். அந்த யோசனையே தன்னுடையது என்று அவர் பின்னாளில் சொன்னார். வலி அவருக்கு, வடிவமைப்பாளர் பட்டம் கணவருக்கு. நம் வீடுகளில் கேள்விப்படாததா என்ன!

வழிகாட்டி என்ற முறையில் நான் செய்தது கொஞ்சம்தான். ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் வாய் திறக்காமல் அக்கா சமைப்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். பையன்களுக்கு அது பெரிய தண்டனை. மோட்டாரைக் கைவிட்டு, அக்காவின் வளையத்தையே எடுத்து, கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்திலும் சூடு தாங்கும் சிலிக்கோனில், எந்தத் திருகுக்கும் பொருந்தும்படி உள்பக்கம் பற்கள் வைத்துச் செய்தார்கள். நடுவர்களுக்கு அதில் தொழில்நுட்பம் போதவில்லை. பரிசு இல்லை.

அக்காவின் பெயரைக் குழுவில் சேர்க்கக் கேட்டேன். மாணவர்கள் மட்டும்தான் என்றார்கள். அப்படியானால் வழிகாட்டிக் கட்டத்தில் இரண்டு பெயர் போடுங்கள், மதிப்பூதியத்தையும் இரண்டாகப் பிரியுங்கள் என்றேன். நாலைந்து போன் பேச்சுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

சான்றிதழை மந்தைவெளி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். பணத்தை எண்ணி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இனிஷியல் தப்பா போட்டிருக்காங்க. எங்க அம்மா பேர்லதான் எனக்கு இனிஷியல். மாத்தித் தரச் சொல்லும்மா.”