விரலுக்குத் தெரிஞ்ச இடுக்கு

பல்லடம் பக்கம் எங்க தோட்டத்துல நிக்கிறப்ப, திடீர்னு தலைக்கு மேல காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் போகும். சூலூர் விமானப்படைத் தளத்துல இருந்து கிளம்புற தேஜஸ். 2018-ல அங்க வந்ததுங்க. இப்பெல்லாம் மாடு கூட நிமிர்ந்து பாக்கறதில்ல. என் பையன் மட்டும் கையில இருக்கற வேலையை விட்டுட்டுப் பாப்பான்.

அதுல ஏறணும்னு அவனுக்குச் சின்ன வயசு ஆசை. ப்ளஸ் டூ முடிச்சதும் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். புள்ளி புள்ளியா நம்பர் போட்ட புத்தகத்தைக் காட்டினார். நான் 74-னு படிச்ச பக்கத்தை இவன் 21-னு படிச்சான். சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியாத கண்ணு. பிறவியில வர்றது, மருந்து கிடையாதுன்னுட்டார்.

எனக்கு அப்பத்தான் தக்காளி ஞாபகம் வந்துச்சு. பறிக்க விட்டா பழத்தை விட்டுட்டுக் காயைக் கூடையில போடுவான். கவனமில்லைன்னு எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். ஒரு தடவை அடிச்சும் இருக்கேன்.

அப்புறம் பனியன் கம்பெனில பேக்கிங்ல சேர்ந்தான். பச்சையையும் பிரவுனையும் ஒரே பெட்டியில போட்டுட்டான். இப்ப தையல் மெஷின்ல உக்காந்திருக்கான்.

போன மாசச் சம்பளத்துல ஒரு பிளாஸ்டிக் விமானம் வாங்கிட்டு வந்தான். துண்டு துண்டா இருக்கும், நாமதான் ஒட்டணும். நிஜத்துல 72-ல ஒரு பங்கு அளவு, கையகலம்தான். நாட் விமானம். 1971 டிசம்பர் 14-ல ஸ்ரீநகர்ல நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டினது இந்த ரகம். அவர் இருந்த 18-வது படைப்பிரிவைத்தான் 2020-ல சூலூர்ல தேஜஸோட மறுபடி தொடங்கினாங்க.

ஒட்டி முடிச்சா, றெக்கை உடம்போட சேர்ற இடத்துல ஒரு இடுக்கு. நகம் நுழையும். "நான் பூசறேன் கண்ணு"ன்னு உக்காந்தேன். தண்ணித் தொட்டி வெடிப்பை எத்தனை தடவை பூசியிருக்கேன்! பட்டியை அப்பி நெரப்பிட்டேன். மறுநாள் பாத்தா நடுவுல குழி விழுந்து, ஓரத்துல விரிசல்.

"அதுல இருக்கற கரைப்பான் ஆவியாகறப்ப பட்டி சுருங்கும்ங்கப்பா. மெல்லிசா ரெண்டு மூணு தடவை வைக்கணும்"னான்.

சொரண்டி எடுத்துட்டு அவனே ஆரம்பிச்சான். இடுக்குக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டினான். பல்குத்தியில கொஞ்சமா பட்டி எடுத்து உள்ள அமுக்கிட்டு, காயறதுக்கு முன்னாடி டேப்பை உரிச்சான். ஒரு ராத்திரி அப்படியே விட்டான். மறுநாள் இன்னொரு பூச்சு. நல்லாக் காஞ்ச பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு, முதல்ல 400 நம்பர், அப்புறம் 800. நாலு தேய்ப்பு, ஒரு தடவல். அதிகமாத் தேச்சா பக்கத்துல இருக்கற கோடெல்லாம் அழிஞ்சுடும், ஊசியில மறுபடி கீறணும்.

எனக்குப் பாத்தா சமமாத்தான் இருந்துச்சு. அவன் கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டிட்டு, "இங்க ஒரு மேடு இருக்குங்கப்பா"ன்னான். நானும் தடவிப் பாத்தேன். மம்பட்டி பிடிச்சுக் காய்ப்பேறின விரலுக்கு ஒண்ணும் தெரியல. சாம்பல் பிரைமர் அடிச்சதும் அவன் சொன்ன அதே இடத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. மூணாவது தடவைதான் றெக்கையும் உடம்பும் ஒரே வார்ப்பு மாதிரி ஆச்சு.

பெட்டியில வெளிநாட்டு ஸ்டிக்கர்தான் இருந்துச்சு. நம்ம விமானப்படை வட்டத்தைக் கையாலயே வரையறேன்னான். வெளியில காவி, அடுத்து வெள்ளை, நடுவுல பச்சை. ரெண்டு பெயிண்ட் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அப்புறம் நீட்டினான்.

"அப்பா, இதுல பச்சை எதுங்க?"

இத்தனை வருசத்துல அவன் என்கிட்ட நிறம் கேட்டது அதுதான் முதல் தடவை. அடிக்குப் பயந்து கேக்காமயே இருந்திருக்கான்.

உங்க வீட்டுப் பசங்க கலரை மாத்திச் சொன்னா, திட்டறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளிப் புத்தகத்தை ஒரு தடவை காட்டிடுங்க.