அந்த ஆரஞ்சு பொத்தான்

"அங்க என்னதாண்டா வேலை பாக்குற?"ன்னு அம்மா போன்ல கேக்கறப்பல்லாம் "பொட்டி தட்டுறேம்மா"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டிருந்தேன். போன வருஷம் அதுக்கும் வழியில்லாமப் போச்சு. என் மேசை முழுக்க வாக்கி டாக்கி. ஒண்ணு ரெண்டு இல்ல, 180.

அமெரிக்காவுல ஒரு கவுண்டி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்குங்க. அங்க தீயணைப்புக்காரங்களோட ரேடியோ எல்லாத்தையும் புதுசா புரோகிராம் பண்ணித் தர்ற ஒப்பந்தம் எங்க கம்பெனிக்கு வந்துச்சு. கம்யூனிகேஷன் பேப்பர்ல அரியர் வெச்சவன்ங்கற தகுதியோட நானும் அதுல சேந்தேன். விதி வலியது.

முதல்ல இந்த 'டிரங்கிங்'னா என்னன்னு சொல்லிடறேன். பழைய பேங்க்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவுண்டர் இருக்கும். ஒரு கவுண்டர்ல அனுமார் வால் மாதிரி கூட்டம், பக்கத்து கவுண்டர்ல ஆளு கொட்டாவி விட்டுக்கிட்டிருப்பார். டோக்கன் முறை வந்ததும் எது காலியோ அங்க போனாப் போதும். ரேடியோலயும் அதேதான். முன்னாடி போலீசுக்கு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. டிரங்கிங்ல எல்லா அலைவரிசையும் பொதுச்சொத்து. நீங்க பேசற பொத்தானை அழுத்தினா, உங்க ரேடியோ 'கன்ட்ரோல் சேனல்'ல போய் "இந்தக் குழுவுக்குப் பேசணும், இடம் குடு"ன்னு கேக்கும். கம்ப்யூட்டர் காலியா இருக்கற ஒரு சேனலைக் காட்டும். அந்தக் குழுவுல இருக்கற எல்லா ரேடியோவும் அங்க தாவும். எல்லாம் ஒரு நொடிக்குள்ள. அந்தக் குழுவுக்குப் பேரு டாக்குரூப்.

இதுக்கான பொதுத்தரம் பி25. 1989ல ஆரம்பிச்ச முயற்சி. வேற வேற கம்பெனி ரேடியோவும் ஒண்ணோட ஒண்ணு பேசணும்ங்கறதுதான் நோக்கம். ஒவ்வொரு ரேடியோவுக்கும் 24 பிட்ல ஒரு அடையாள எண். டாக்குரூப்புக்கு 16 பிட். இதெல்லாம் அடங்கின ஃபைலுக்குப் பேரு 'கோட்பிளக்'. நம்ம வேலை அந்த ஃபைலை நிரப்பறது. பாத்தா எக்செல் ஷீட் நிரப்பற மாதிரிதான் இருக்கும். அங்கதான் வினையே.

எங்க கூட ஒரு பெரியவர் வேலை பாத்தார். இருபது வருஷத்துக்கு மேல தீயணைப்புல இருந்துட்டு அப்புறம் ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர். என்னை 'கிட்'னுதான் கூப்பிடுவார். தமிழ்ல 'தம்பி'ன்னு படிச்சுக்குங்க.

நான் புத்திசாலித்தனமா ஒரு வேலை செஞ்சேன். பழைய பயிற்சி ரேடியோ ஒண்ணுல இருந்து ஃபைலை எடுத்து, பேரை மாத்தி, டாக்குரூப் எல்லாம் சேத்து, அதையே அச்சா வெச்சு 180க்கும் ஏத்த ஆரம்பிச்சேன். அடையாள எண் மட்டும் மாறும். சாப்ட்வேர் ஒரு எரரும் காட்டல. ரேடியோ பேசுது, கேக்குது. முதல் 12 அன்னிக்கு சாயங்காலமே ஒரு ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு.

மறுநாள் பெரியவர் வந்தார். "எமர்ஜென்சி பாத்தியா?"

ரேடியோ தலையில ஒரு ஆரஞ்சு பொத்தான் இருக்கும். புகைக்குள்ள மாட்டிக்கிட்டவர், பேச மூச்சில்லாதவர் அழுத்தறதுக்கு. அழுத்தினா கட்டுப்பாட்டு அறைல அலாரம் அடிக்கும், யாரு அழுத்தினதுன்னு அடையாள எண்ணும் வரும்.

"செட்டிங் எல்லாம் இருக்கே"ன்னேன்.

அவர் பதில் பேசல. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, சோதனைக்காக அழுத்தப் போறோம்னு சொன்னார். ஸ்பீக்கர்ல போட்டார். என்னைப் பாத்துத் தலையாட்டினார். அழுத்தினேன். பீப் அடிச்சுது. சிஸ்டத்துக்குத் தகவல் போய்ச் சேந்துச்சுன்னு திரையிலயும் வந்துச்சு. பெருமையாப் பாத்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு போன்ல அந்தம்மா கேட்டாங்க: "எப்ப அழுத்தப் போறீங்க?"

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

நடந்தது இதுதான். எமர்ஜென்சி அழுத்தினா ரேடியோ எந்த டாக்குரூப்ல இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு டாக்குரூப்புக்குத் தாவற மாதிரி வைக்கலாம். பயிற்சி ரேடியோ ஃபைல்ல அது பயிற்சி டாக்குரூப்பா இருந்துச்சு. நான் அதை மாத்தவே இல்ல. பயிற்சி டாக்குரூப்பைக் கட்டுப்பாட்டு அறைல யாரும் கேக்கறதில்ல. அதாவது, உள்ள மாட்டின ஒருத்தர் உதவின்னு அழுத்தினா, பக்கத்துல இருக்கற தோழர்கள் பேசற குழுவுல இருந்து அவரைப் பிடுங்கி, ஆளே இல்லாத ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். சிஸ்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அதான் பீப் அடிச்சுது.

பெரியவர் கத்தவே இல்ல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "தம்பி, அந்த 12ஐ முதல்ல எடுத்துட்டு வா"ன்னார். காரை எடுத்துக்கிட்டு ஓடினேன். வழியெல்லாம் 'ராத்திரி எங்கயும் தீ பிடிச்சிருக்கக் கூடாது'ன்னு குலசாமியக் கும்பிட்டுக்கிட்டே போனேன். பிடிக்கல. ஸ்டேஷன்ல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்து காபி வேற ஊத்தினார். என்னால குடிக்க முடியல.

அன்னிக்கு சாயங்காலம் பெரியவர் 2001 செப்டம்பர் 11ஐப் பத்திச் சொன்னார். தெற்குக் கோபுரம் விழுந்தது காலை 9:59. வடக்குக் கோபுரம் 10:28. நடுவுல 29 நிமிஷம். வெளிய வாங்கன்னு உத்தரவு போச்சு, ஆனா உள்ள இருந்த பல பேருக்கு அது கேக்கல. அன்னிக்கு நியூயார்க் தீயணைப்புத் துறைல இறந்தவங்க 343 பேர். "ரேடியோ மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா கேக்காமப் போனவங்களுக்கு அதுதான் எல்லாம்"னார்.

இப்ப எங்க ஷாப்ல ஒரு விதி. ஒவ்வொரு ரேடியோவுலயும் அந்தப் பொத்தானை அழுத்தி, மறுமுனைல மனுசக் குரல் "வந்துச்சு, உங்க எண் இது"ன்னு சொன்னாத்தான் பெட்டிக்குள்ள போகும். ரேடியோ காட்டற பீப் கணக்குல வராது. 180க்கும் அப்படித்தான் செஞ்சோம். மூணு நாள் ஆச்சு. அந்தம்மா ஒரு தடவை கூட அலுத்துக்கல.

போன வாரம் அம்மா மறுபடி கேட்டாங்க. "யாராவது உதவின்னு கூப்பிட்டா யாருக்காவது கேக்கணும்ல, அதைப் பாக்கறேம்மா"ன்னேன். "அதுக்கு எதுக்குடா இன்ஜினியரிங்?"னாங்க. நியாயமான கேள்விதான்.

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா?