தேதி போடாத நோட்டீஸ்

2006 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வேலையெல்லாம் முடிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் சின்ன அச்சகம் என்னுடையது. ரோடியர் மில்லில் ஷிப்ட் முடிந்து, காக்கிச் சட்டையில் பஞ்சுத் துகளோடு அண்ணன் வந்தார். சொந்த அண்ணன் இல்லை, தெருவுக்கே அண்ணன். நான்காக மடித்த தாளை நீட்டினார்.

"தம்பி, ஆயிரம் நோட்டீஸ். கவுன்சிலருக்கு நிக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் கடைசியாக நகராட்சித் தேர்தல் நடந்தது 1968-இல். அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் 1880-இல் போட்டுவிட்டுப் போன ஆணையின்படி. அதற்குப் பிறகு 38 ஆண்டுகள் தேர்தலே இல்லை; அந்த மன்றத்தின் காலம் முடிந்ததும் அதிகாரிகள்தான் நகராட்சியை நடத்தினார்கள். என் வயதுக்காரர்களுக்குக் கவுன்சிலர் என்றால் கடலூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் ஓர் ஆள். இத்தனைக்கும் இந்த ஊரை இந்தியாவோடு சேர்த்ததில் கவுன்சிலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேரும் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அப்படிப்பட்ட பதவிக்குத் தேர்தல் நடத்த நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

அண்ணன் சுயேச்சை. சின்னம் மேஜை விளக்கு. நோட்டீஸில் வாக்குறுதி என்று எதுவும் இல்லை. எந்தத் தெருவில் எந்த மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கம்ப எண்ணோடு ஒரு பட்டியல். "இதப் படிச்சா யாருண்ணே ஓட்டுப் போடுவா?" என்றேன். "அந்தக் கம்பத்துக்குக் கீழ குடியிருக்கிறவன் போடுவான்" என்றார்.

அவருக்கு நான்தான் பூத் ஏஜென்ட். ஜூன் மாதப் புழுக்கத்தில் பள்ளி பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எண்பது வயதுக்கு மேலான பாட்டி ஒருவர் மை வைத்த விரலை என்னிடம் காட்டி, "மேரி எலெக்‌ஷன்தானே இது?" என்று கேட்டார். பழைய ஆட்களுக்கு நகராட்சி எப்போதும் மேரிதான். கடற்கரைச் சாலையில் வெள்ளை வெளேரென்று நின்ற கட்டடத்தின் பிரெஞ்சுப் பெயர் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. எண்ணிக்கை அன்று இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்களும் தங்களுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் அண்ணன் ஜெயித்தார், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வித்தியாசத்தில். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டியது மாலை அல்ல, சாக்கடை அடைப்பு.

அக்டோபர் 1-ஆம் தேதி பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. அவருடைய லெட்டர்பேடை நான் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதற்கான காசு இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

ஐந்து வருடம் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு, குப்பை, பக்க வாய்க்கால், பிறப்பு இறப்புச் சான்றிதழ். குடிநீர் பொதுப்பணித் துறை கையில், மின்சாரம் மின்துறை கையில். எதைக் கேட்டாலும் "அது எங்ககிட்ட இல்ல" என்று சொல்ல வேண்டிய பதவி. ஆனால் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் மேஜை முன்னால் போய் நிற்பார். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. முடிந்ததை அடிக்க மாட்டார், பக்கத்தில் தேதி போடுவார்.

2011-இல் சட்டமன்றத்துக்கு நின்றார். வேண்டாம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. அது ஜக்கு சின்னத்தின் அலை அடித்த வருடம். அந்தச் சின்னத்தோடு பிப்ரவரியில் கட்சி தொடங்கிய ரங்கசாமி மே மாதம் முதலமைச்சர். அண்ணனுக்கு டெபாசிட் போயிற்று. வார்டில் ஓட்டுப் போட்டவர்களே, "நீங்க கவுன்சிலராவே இருங்கண்ணே, எம்.எல்.ஏ.ன்னா நாலு காசு வேணும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. முப்பது தொகுதி, ஒவ்வொன்றிலும் சில பத்தாயிரம் ஓட்டு. இங்கே எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கு வருவார், மஞ்சள் நீராட்டுக்கு வருவார், சாவுக்கு மாலையோடு வருவார், சாக்கடையையும் நின்று பார்ப்பார். கவுன்சிலர் செய்கிற வேலையில்தான் எம்.எல்.ஏ.வின் அடுத்த ஓட்டே இருக்கிறது. அதைப் பங்கு போட்டுக்கொள்ள யாருக்கு மனசு வரும்? எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மட்டும் வித்தியாசம் இல்லை என்பது என் கணிப்பு.

அந்த ஜூலையில் நகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. டிசம்பர் 30 அதிகாலை தானே புயல். விழுந்த மரங்களுக்கு நடுவே, பதவி இல்லாத அண்ணன் அதே நோட்டோடு நடந்தார். அந்தப் புயலில் ரோடியர் மில்லுக்குப் பட்ட அடி ஆறவே இல்லை. 2020 ஏப்ரலோடு அது மூடப்பட்டது.

இடையில் 2014 நவம்பர் 29. விடாத மழையில் மேரி இடிந்து விழுந்தது. மறுநாள் காலை ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரவைத்துப் போனேன். 1870-இல் எழுந்த கட்டடம், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் குவிந்து கிடந்தது. எதிரே கடல் வழக்கம் போல. ஆட்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, ஈரமான கட்டை ஒன்றைச் செருப்புக் காலால் தள்ளிப் பார்த்தார். "தேக்கு" என்றார். திரும்பி வரும்போது வேறெதுவும் பேசவில்லை.

பழைய மாதிரியே மறுபடி கட்டினார்கள். உலக வங்கிப் பணம். 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். அந்த ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலில் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். ஏனாமில் ரங்கசாமியையே ஒரு சுயேச்சை தோற்கடித்தார். அண்ணன் நிற்கவில்லை. "நமக்கு அது இல்ல, தம்பி" என்றார்.

செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தல் தேதி வந்ததும் ஆள் மாறிவிட்டார். மறுபடியும் நான்காக மடித்த தாள், மறுபடியும் கம்ப எண்கள். சிலது 2006-இல் இருந்த அதே எண்கள்! கம்போஸ் செய்து புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இட ஒதுக்கீடு தொடர்பாக வழக்கு வந்தது. அட்டவணையைத் திரும்பப் பெற்றார்கள். அக்டோபரில் வேறு அட்டவணை, வேறு தேதிகள். திருத்தினேன். எதிர்ப்பு, பந்த், திரும்பவும் உயர் நீதிமன்றம். தேர்தல் நின்றது.

"தேதிய எடுத்துட்டுக் காலியா வுடு, அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

எடுத்துவிட்டேன். அந்த புரூஃப் கட்டிங் மெஷினுக்கு மேலே கிளிப்பில் தொங்குகிறது, ஓரம் பழுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "கவுன்சிலர் வந்தாரா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். மாலையில் வருவார், டீ குடிப்பார். போன வாரம் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "உன் கடை வாசல் லைட்டு எத்தன நாளா எரியல?" என்றார். "நாலு நாளு" என்றேன். எழுதிக்கொண்டார்.