மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்கா பக்கம் போனால் நடக்க இடம் கிடைக்காது. சிராங்கூன் சாலை முழுக்க நம்மூர்த் தொழிலாளர்கள். பரோட்டா சாப்பிட, ஊருக்குப் பணம் அனுப்ப, நண்பர்களைப் பார்க்க வருகிறவர்கள். இப்படியொரு ஞாயிறு நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, ஆர்ச்சர்டில் இறங்கினேன். மூன்றே ஸ்டேஷன். லக்கி பிளாசாவுக்குள் அதே கூட்டம், பணம் அனுப்ப அதே வரிசை. ஆனால் இங்கே பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள். பலர் வீட்டுவேலை செய்பவர்கள்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் 'கல்தெரெத்தா'வும் சோறும் வாங்கினேன். ஆட்டுக்கறி, தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், குடமிளகாய். குழம்பு கெட்டியாக ஈரல் விழுது சேர்ப்பார்கள். சிவப்பைப் பார்த்து நம்ம ஊர்க் காரத்தை எதிர்பார்த்தேன்; லேசான புளிப்பும் ஈரலின் ருசியும்தான் இருந்தன.

பெயர் ஸ்பானிஷ். 'கல்தெரா' என்றால் கொப்பரை. ஸ்பெயின் நாட்டு மேய்ப்பர்களின் ஆட்டுக்கறிக் குழம்பு இது. 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்டது. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு 1815 வரை கப்பல்கள் வந்தன. தக்காளியும் மிளகாயும் அங்கே வந்தது அந்தத் தொடர்பில்தான். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். நாம் 'மேசை' என்பதை அவர்கள் 'மேசா' என்கிறார்கள். நாம் போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சொல். அவர்கள் ஸ்பானியரிடம் வாங்கியது.

அந்த மேசையில் எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். அவர் தட்டிலும் கல்தெரெத்தா.

"பிடிச்சிருக்கா, கூயா?" என்றார். கூயா என்றால் அண்ணன்.

"நல்லா இருக்கு. நீங்களும் இதைச் சமைப்பீங்களா?"

"தினமும் சமைக்கிறேன். ஆனா அவங்க வீட்டுச் சாப்பாடு. ஊர்ல திருவிழா, பிறந்தநாள்னா இதுதான். இன்னிக்கு என் மகளுக்குப் பிறந்தநாள்."

வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற சட்டம் சிங்கப்பூரில் 2013-ல்தான் வந்தது. விடுமுறைக்குப் பதில் சம்பளம் கொடுத்து வேலை வாங்கவும் அதில் இடமிருந்தது. மாதம் ஒரு நாளாவது விட்டே ஆக வேண்டும் என்ற விதி 2023-ல் வந்தது. அப்படிக் கிடைத்த ஒரு நாளில்தான் அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் போனால் தேக்காவோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு ஞாயிறு லக்கி பிளாசாவுக்கும் போங்கள். பல கடைகளில் இதை மாட்டுக்கறியில் செய்வார்கள், கேட்டு வாங்குங்கள். இடம் இல்லையென்றால், யார் மேசையிலாவது கேட்டு உட்காருங்கள்.