வெக்கையில் அழுத்திய பட்டன்

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைக்கூட ஹாலோடு நிறுத்திவிடுகிறவர்கள், ஏசி மெக்கானிக்கை மட்டும் நேரே படுக்கையறைக்குள் கூட்டிப் போவார்கள். சென்னையில் பல வருஷம் அப்படிப் படுக்கையறைகளுக்குள் ஏணி போட்டு ஏறியவன் நான். இப்போது ஏற முழங்கால் விடுவதில்லை. பையன்கள் ஏறுகிறார்கள், நான் கீழே நின்று யோசனை சொல்கிறேன். வயதானவனுக்கு அந்த வேலைதான் மிச்சம் என்பதால் உங்களுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன்.

கோடை பில் வரும் நாட்களில் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, மெஷின்ல ஏதோ கோளாறு. கரண்டை உறிஞ்சுது. பில்லைப் பார்த்தா தலை சுத்துது." போய்ப் பார்ப்பேன். கேஸ் சரியாக இருக்கும். காயில் சுத்தமாக இருக்கும். கம்ப்ரசர் சத்தத்தில் குறை இருக்காது. ஆனால் கட்டிலில் இரண்டு கம்பளி மடித்து வைத்திருக்கும். ரிமோட்டை எடுத்தால் 18 என்று காட்டும்.

"ஏம்மா, மே மாசத்துல கம்பளி எதுக்கு?"

"நடு ராத்திரியில குளிர் தாங்கலண்ணே."

"அப்ப 18 எதுக்கு?"

"வந்து படுக்கும்போது வெக்கை தாங்கலையே!"

இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் பணம் போகிறது. பத்து மணி வெக்கைக்கு ஓர் உத்தரவு போட்டோம். பதினோரு மணிக்கு வெக்கை தணிந்தது, நாமும் தூங்கிவிட்டோம். உத்தரவு மட்டும் விடிய விடிய நிறைவேறிக்கொண்டிருக்கிறது. மெஷினில் கோளாறு இல்லை. அது சொன்ன சொல் தவறாத வேலைக்காரன், அவ்வளவுதான்.

18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ரிமோட்டில் தெரியும் எண் வேகம் இல்லை, நிற்க வேண்டிய இடம். சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவர் செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் சைதாப்பேட்டைக்குச் சீக்கிரம் போய்விடுமா? டிக்கெட் காசுதான் கூடும், தூங்கிவிட்டால் ஊரும் தாண்டிப் போகும். பழைய வகை மெஷினில் கம்ப்ரசர் ஒன்று முழு மூச்சாக ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். 34 டிகிரி இருக்கும் அறையில் 18 வைத்தாலும் 25 வைத்தாலும் முதல் அரை மணி நேரம் ஒரே ஓட்டம்தான். இப்போது வரும் இன்வெர்ட்டர் மெஷின் கெட்டிக்காரத்தனமானது. கேட்ட குளிரை நெருங்க நெருங்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மிச்சம் பிடிப்பதே அந்த மெதுவான ஓட்டத்தில்தான். மே மாத இரவில் அதனிடம் 18 கேட்டால் அது அந்த எண்ணை எட்டவே முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும், வேகத்தைக் குறைக்கும் நேரமே வராது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கெட்டிக்காரத்தனம் வீணாகப் போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெளியே 32 டிகிரி, உள்ளே 26 என்றால் வித்தியாசம் 6. உள்ளே 18 என்றால் 14. வித்தியாசம் கூடக் கூட, சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சூடு உள்ளே நுழையும் வேகமும் கூடும். மெஷின் வெளியே தள்ளத் தள்ள அது திரும்ப வரும். ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுகிற மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று சொல்கிறது. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் தானாக 24-இல் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் 24-இல் வைத்துக் கொடுக்கிறான், கீழே இறக்குவது நம் கட்டைவிரல்தான்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கம். வியர்வை காயாததால்தான் உயிர் போகிறது. 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் முதன்முதலாக இந்த ஏற்பாட்டை வடிவமைத்தது மனிதர்களுக்காக இல்லை. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் உப்பி, கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். இன்றும் ஏசியின் வேலையில் ஒரு பெரிய பங்கு அதுதான். குழாய் வழியாக வெளியே சொட்டும் தண்ணீர் உங்கள் அறையின் புழுக்கம். ஈரம் போன அறையில் 26 வைத்து, சீலிங் ஃபேனைச் சின்ன வேகத்தில் விட்டுப் பாருங்கள். வியர்வை காய்ந்துவிடும், உடம்பு அதற்கு மேல் கேட்காது. ஃபேன் தின்னும் கரண்ட் ஏசிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இனி பில்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை ஏறும். அதில் 500 யூனிட் ஒரு வாசற்படி. அந்தக் கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விட்டது என்பதுதான் காரணம். 2024 ஜூலையில் விலைகள் இன்னும் கொஞ்சம் ஏறின.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபிரிஜ், மோட்டார், லைட், டிவி எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். ஏசி ராத்திரிக்கு 6 யூனிட் என்றால் 60 நாளில் 360. மொத்தம் 560. 2022 விலையில் 2,430 ரூபாய். அதே ஏசி ராத்திரிக்கு 4 யூனிட் எடுத்தால் மொத்தம் 440, பில் 1,365. ஏசியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததற்குப் பில்லில் 1,065 ரூபாய் குறைகிறது. நாம் வீணாக்கும் யூனிட்டுகள்தான் எப்போதும் உச்சி விலைக்கு விற்கப்படுகின்றன. தேவைக்கு எடுத்தது மலிவு, மறதிக்கு எடுத்ததே விலை அதிகம்.

அந்த இரண்டு யூனிட்டைக் குறைக்கப் பெரிய தவம் ஒன்றும் வேண்டாம். வெயில் பட்ட சுவரும் மொட்டை மாடிக் காங்கிரீட்டும் முன்னிரவு வரை சூட்டைக் கக்கும். அதனால் படுக்கும்போது 24 வைப்பதில் தப்பில்லை. விடியற்காலைக்குள் சுவர் ஆறிவிடும், வெளிக்காற்றும் தணியும், தூக்கத்தில் உடம்புச் சூடும் கொஞ்சம் இறங்கும். தேவை தானாகக் குறைகிறது. ரிமோட்டில் ஸ்லீப் என்று ஒரு பட்டன் இருக்கிறது. மணி ஆக ஆக அதுவே டிகிரியை மெல்லக் கூட்டிவிடும். டைமர் இருக்கிறது. பல வீட்டில் இந்த இரண்டு பட்டனும் புது மெருகு குலையாமல் இருக்கும், 'குறை' பட்டன் மட்டும் தேய்ந்து எழுத்து அழிந்திருக்கும். அதோடு ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவுங்கள். அதற்கு என்னைப் போல ஒருவன் தேவையில்லை.

சிக்கனம் என்றதும் சில பெரியவர்கள் ஏசியையே போடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது. அப்படிப்பட்ட நாளில் வயதானவர்களும், இதய நோய், சர்க்கரை உள்ளவர்களும் ரூபாயைப் பார்க்கக் கூடாது. பகல் முழுவதும் அடுப்படியில் வெந்த பெண்மணி மத்தியானம் ஒரு மணி நேரம் ஏசியில் படுத்தால் அதை வீண் செலவு என்று எந்த மகனும் சொல்லக் கூடாது. தேவைக்கு ஓடட்டும். தேவை தீர்ந்த பிறகும் ஓடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருப்பது ஏசி மட்டும் இல்லை என்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். கீழே அண்ணன், மாடியில் தம்பி. தண்ணீர் மோட்டாரின் கரண்ட் பில்லை யார் எவ்வளவு கட்டுவது என்று ஒரு கோடையில் வார்த்தை தடித்தது. "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை" என்று அண்ணன் சொன்னார். அவ்வளவுதான், வருஷங்கள் ஓடிவிட்டன. சர்வீஸுக்கு மட்டும் இருவரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், தனித்தனியாக. கீழே வேலை முடிந்து கிளம்பும்போது அண்ணன் கேட்பார்: "மேல அவன் மெஷின் நல்லா குளிருதாப்பா? அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வெக்கை ஆகாது." மேலே தம்பி சொல்வார்: "கீழ அண்ணனுக்கு ஃபில்டர் கழட்டத் தெரியாது. நீங்களே கழுவி மாட்டிட்டுப் போங்க, காசு நான் தர்றேன்."

இரண்டு பேரிடமும் துளி கோபம் இல்லை. சூட்டோடு சூடாகப் போட்ட உத்தரவு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "நீங்களே மாடி ஏறிக் கேட்டா என்னங்க?" என்றேன் ஒரு நாள். "ஒரு தடவை சொல்லிட்டேனேப்பா" என்றார் அண்ணன். காரணம் அவ்வளவுதான். சொன்னதை மாற்றினால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமாம்.

இப்படி எத்தனை வீடுகள்! ஒரு மார்க் குறைந்த கோபத்தில் மகளின் பாட்டு வகுப்பை நிறுத்திய அப்பா. அடுத்த வருஷம் அவள் முதல் ரேங்க் வாங்கியும் வகுப்பு திரும்பவில்லை. கையில் காசில்லாத காலத்தில் 'யார் வீட்டு விசேஷத்துக்கும் போக வேண்டாம்' என்று முடிவெடுத்த குடும்பம். காசு வந்த பிறகும் பத்திரிகையைப் பிரிக்காமலே வைக்கிறது. எடுத்த நேரத்தில் அந்த முடிவுகளுக்கெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. வெக்கை நிஜம்தான், அதற்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் கொதிப்பில் எடுக்கும் முடிவு எப்போதும் கடைசி எண் வரை இறங்கிவிடும், தணிந்த பிறகு அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் குளிரில் நடுங்கிக்கொண்டு, நாம் எழுந்துவிடுவோமே என்று சொல்லாமல் கிடப்பார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சூட்டில் முடிவே எடுக்காதே என்று சொல்ல மாட்டேன், அது மனிதனால் ஆகாது. எடுக்கும்போதே அதற்கு ஒரு டைமர் வை. "இந்த மாசம் பேச மாட்டேன்" என்று சொல், "இனிமே" என்று சொல்லாதே. நாள் முடிந்ததும் எடுத்துப் பார். இன்னும் வெக்கை இருந்தால் நீட்டித்துக்கொள், தணிந்திருந்தால் ஏற்றிவிடு. 18-ஐ 26 ஆக்குவதில் யாருக்கும் மானம் போவதில்லை. சொன்ன சொல்லைத் தளர்த்துவதிலும் அதைவிடப் பெரிய கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உத்தரவு போட்டவர்தான் அதை மாற்ற முடியும். எதிரில் இருப்பவர் கையில் ரிமோட் இல்லை.

ஆகையால் இன்று ராத்திரி 26-இல் வைத்து, ஃபேனைப் போட்டுப் படுங்கள். நாளைக் காலையில், எந்தக் காலத்துக் கோபத்துக்கோ யாரிடம் பேசாமல் இருக்கிறீர்களோ அவருக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால், "இந்தத் தடவை கரண்ட் பில் எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். நம் ஊரில் அதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தவர் யாரும் கிடையாது.