டோனாவூர் போய் வந்தோம்

திருக்குறுங்குடி நம்பியைச் சேவிக்க வருகிறவர்கள் பலர் அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, மலை அடிவாரத்தில், டோனாவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்ம ஊர்ப் பேர் மாதிரியே இல்லையே என்கிறீர்களா? சர்ச் கட்டப் பணம் தந்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயராம்.

போன தை மாதம் நான், என் மகள், அவளுடைய எட்டு மாதப் பையன், எங்கள் தெரு டீச்சரம்மா நாலு பேருமாகப் போனோம். டீச்சரம்மா கிறிஸ்தவர். நம்பி கோவில் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்துவிட்டு, "இம்புட்டு தூரம் வந்துட்டு அம்மா இருந்த இடத்தைப் பாக்காம போலாமா?" என்று ஆட்டோ பிடித்துவிட்டார்.

மகளுக்கு மனசு சரியில்லை. பிள்ளைக்காக வேலையை விட்டவள். "இவன் பொறந்ததுலேர்ந்து என் காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும்மா. படிச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டைதான்.

டீச்சரம்மா சொன்ன 'அம்மா', ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர். புடவை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்ததுதான் அவர் வேலை. 1901-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடி வந்தாள். கோவிலுக்குப் பொட்டுக் கட்ட இருந்த பிள்ளை. அதற்கு முன்பு ஒருதரம் தூத்துக்குடிக்குப் பெற்ற தாயிடமே ஓடியிருக்கிறாள். தெய்வக் குற்றத்துக்குப் பயந்து தாயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்! ஓடியதற்குத் தண்டனையாகப் பிஞ்சுக் கைகளில் சூடு. கேட்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வந்தன. 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஊரார் அவரைப் 'பிள்ளை பிடிக்கிற அம்மா' என்று ஏசினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி நம் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போய் மதத்தையும் மாற்றினால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு நிறுத்த 1947 ஆயிற்று. அதுவரை அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள்?

கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் ஊர் ஊராகப் போவது நின்றது. பால் புகட்டுவது, துணி அலசுவது, நகம் வெட்டுவது, ராத்திரி கண் விழிப்பது. கடல் தாண்டி வந்தது ஆயா வேலை பார்க்கவா என்ற கேள்வி அவர் மனத்திலும் எழுந்ததாம். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினாரே, அதை நினைத்துக்கொண்டாராம். கூடவே நம் தமிழ்ப் பழமொழி ஒன்றையும் பிடித்துக்கொண்டார்: பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும்.

டீச்சரம்மா இதைச் சொன்னதும் மகள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்தேன் என்று நினைத்திருப்பாள்!

உள்ளே ஓட்டுக் கூரைக் கட்டடங்கள், பெரிய மரங்கள், பின்னால் மலை. அந்த அமைதிக்கு நாமும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். சேவைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்களைப் பிள்ளைகள் 'சித்தி' என்றும், நம் ஊர்ப் பெண்களை 'அக்கா' என்றும், ஆண்களை 'அண்ணாச்சி' என்றும் கூப்பிட்டார்களாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. சித்தி, அக்காவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்!

1931-ல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன ஏமி, இருட்டில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு சுமார் இருபது வருடம், 1951-ல் கண்மூடும்வரை, பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் அறைக்கே போய் அவரைப் பார்த்தார்கள்.

தன் சமாதிக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் பிள்ளைகள் பறவைகள் குளிக்கிற தொட்டி ஒன்றை வைத்து, தாயைக் கூப்பிடும் ஒரே ஒரு சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். எங்கள் பயல் அங்கே போனதும் வீரிட்டு அழ ஆரம்பித்தான். மகள் மரத்தடியில் உட்கார்ந்து துணி மாற்றினாள். "நூறு பிள்ளைக்கு மேல இருந்தாங்கன்னு சொன்னீங்களே, ராத்திரி எப்படி டீச்சர் தூங்குனாங்க?" என்று கேட்டாள். டீச்சரம்மா சிரித்தார். "எங்கம்மா தூங்குனாங்க!"

போகிறவர்கள் வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கைக்குழந்தை இருந்தால் வெந்நீரும் மாற்றுத் துணியும் கையோடு கொண்டு போய்விடுங்கள்.